படகில் நாலு பேருக்குத்தான் இடம்

நடீன் தன் சின்ன வீட்டு டிரெய்லரை வண்டியில் இழுத்துக்கொண்டு சுற்றுலா முகாமுக்குள் நுழைந்தபோது, மார்லிஸ் ஆண்கள் கழிப்பறையில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு வேலையாள் வரப்போகிறாள் என்று முகாமின் சொந்தக்காரி கிர்ஸ்டி காலையிலேயே சொல்லியிருந்தாள். யார் என்று சொல்லவில்லை. வண்டிச் சத்தம் கேட்டு மார்லிஸ் கையுறையோடு வெளியே வந்து பார்த்தாள். அவள் கணவன் வெர்னன் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில், கையில் கோடரியோடு, மரம் மாதிரி நின்றிருந்தான். வந்தவள் வண்டியின் கண்ணாடியை இறக்கினாள்.

"இன்னும் உயிரோடதான் இருக்கியா, வெர்ன்?"

வெர்னன் சிரித்தான். இருபது வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்தியும் மார்லிஸ் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. வந்தவள் யார் என்று அந்தச் சிரிப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நடீன் வெர்னனின் முதல் மனைவி. பதினொரு வருஷம் அவனோடு இருந்துவிட்டு, ஏழு வயது மகன் கர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பிரிந்து போனவள். பிறகு வேறொருவரைக் கட்டினாள், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். முடி வெட்டும் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தாள். இப்போது ஓய்வு பெற்ற மற்ற பலரைப் போல அவளும் வீட்டை விற்றுவிட்டு, டிரெய்லரில் ஊர் ஊராகப் போய், போன இடத்தில் நாலு மாதம் வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தாள்.

வெர்னனும் மார்லிஸும் வாழ்வதும் அப்படித்தான். அவன் விஸ்கான்சினில் எரிவாயு லாரி ஓட்டியவன், அவள் பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தியவள். ஓய்வுக்குப் பிறகு, ஒரு வீடே உள்ளே அடங்குகிற பெரிய டிரெய்லரை வாங்கினார்கள். குளிர்காலத்துக்கு அரிசோனா, கோடைக்கு சுப்பீரியர் ஏரிக்கரையில் கிர்ஸ்டியின் முகாம். டிரெய்லரை நிறுத்த இடமும் மின்சாரமும் தண்ணீரும் இலவசம், கொஞ்சம் சம்பளமும் உண்டு. பதிலுக்கு விறகு பிளக்கணும், புல் வெட்டணும், வருகிறவர்களுக்கு இடம் காட்டணும், கழிப்பறை கழுவணும். இது அவர்களுக்கு நாலாவது கோடை. அந்த ஏரிக்கரையைத் தங்கள் சொந்த இடம் மாதிரியே மார்லிஸ் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கர்ட்தான் சொன்னான், இங்க ஆள் தேவைப்படுதுன்னு," என்றாள் நடீன், மார்லிஸின் கையைக் குலுக்கியபடி. "அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்தா வந்து பார்த்துட்டுப் போக வசதியாம். உங்ககிட்ட சொல்லியிருப்பானே?"

மார்லிஸ் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏதோ சொன்னான்," என்றான் வெர்னன். "இவ நிஜமாவே வருவான்னு நான் நினைக்கல."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?" என்று மார்லிஸ் கேட்டாள். அவன் கோடரியை ஓங்கி அடுத்த கட்டையைப் பிளந்தான்.

அடுத்த வாரமே அவள் வயிற்றெரிச்சலுக்கு நல்ல விறகு கிடைத்தது. அவர்கள் டிரெய்லர் நின்ற இடத்துக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் உடைந்துவிட்டது. நடீனுக்குப் பக்கத்து இடத்துக்கு மாறச் சொன்னாள் கிர்ஸ்டி. அவ்வளவு பெரிய டிரெய்லரைப் பின்பக்கமாக மரங்களுக்கு நடுவே நுழைப்பது என்றாலே புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டைதான். மார்லிஸ் பின்னால் நின்று "இடது, இடது" என்பாள், அவன் "யாரோட இடது?" என்று கத்துவான், மூன்று தடவை முன்னும் பின்னும் போய் ஒரு கிளை முறியும். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த நடீன் எழுந்து வந்தாள்.

"நான் காட்டட்டுமா?" என்று மார்லிஸிடம் கேட்டுவிட்டு, வண்டியின் பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி போய் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு கையை உயர்த்தி, இரண்டு விரலை மடக்கி, மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினாள். வெர்னன் பின்னால் வந்தான். அவள் உள்ளங்கையைக் காட்டினாள், நின்றான். ஒரே முறைதான். டிரெய்லர் நூல் பிடித்த மாதிரி போய் நின்றது.

"அந்தக் காலத்துல எங்ககிட்ட ஒரு படகு இருந்துச்சு," என்றாள் நடீன். "வாரா வாரம் அதைப் பின்பக்கமா ஓட்டி ஏரியில இறக்கணும், கரையில நின்னு கை காட்டுறது நான். கை மறக்கல பாருங்க."

அவனுக்கும் கண் மறக்கவில்லை என்று மார்லிஸ் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு முடி வெட்டு. நடீன் ஓய்வு நேரத்தில் தன் டிரெய்லர் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு, கேட்பவர்களுக்கெல்லாம் சும்மாவே முடி வெட்டிவிட்டாள். முகாமே அவள் வாசலில் கூடியது. ஒருநாள் மாலை வெர்னன் உள்ளே வந்தபோது மார்லிஸுக்கு யாரோ போல இருந்தது. காது மேல் புதர் இல்லை, கழுத்து சுத்தமாக இருந்தது. பத்து வயது குறைந்திருந்தான். இத்தனை வருஷமும் அவன் தலையில் மெஷினை ஓட்டியவள் மார்லிஸ்.

"எப்படி இருக்கு?" என்றான்.

"தலை தெரியுது," என்றாள்.

அன்றைக்கே கிர்ஸ்டியிடம் போனாள். நடீனை வெர்னனோடு விறகு வேலையில் போட்டிருந்தாள் கிர்ஸ்டி. "அவங்களுக்கு முதுகு வலியாம். வெளியே சொல்லத் தயங்குறாங்க. என்கூட கழிப்பறை வேலைக்கு அனுப்பு," என்று மார்லிஸ் கூசாமல் சொன்னாள். கிர்ஸ்டி நம்பினாள். மறுநாளிலிருந்து நடீன் மார்லிஸின் கண்பார்வையில்.

எதிரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதில் ஒரு தொல்லை இருந்தது. நடீன் நல்ல வேலைக்காரி. பேச்சுக்காரியும்கூட. வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகும்போது அவள் சொல்வதைக் கேட்டு மார்லிஸுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. இரண்டு வாரத்தில் 'நீங்க' போய் 'நீ' ஆகிவிட்டது. ஆனாலும் மார்லிஸின் வாய் ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

"அப்ப எப்படி இருந்தான்? சின்ன வயசுல?"

"வெர்னா? ஆட்டக்காரன். சனிக்கிழமை ஆனா ஊர் மன்றத்துல பாண்டு வாசிப்பாங்க. போல்கா டான்ஸ் ஆட ஆரம்பிச்சான்னா என் கால் வீங்கிடும், விட மாட்டான்."

"வெர்னன் ஆடுவானா?"

"உன்கூட ஆடினதில்லையா?" என்று கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று நடீனுக்குத் தோன்றியது. குனிந்து கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

மார்லிஸுக்குக் குழந்தை இல்லை. முதல் கல்யாணம் வெர்னனோடு, நாற்பத்தேழு வயதில். அவளுக்கு வாய்த்த வெர்னன் பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை வண்டியின் டயரைச் சரிபார்க்கிற மனிதன். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போதுதான் தெரிந்தது, பந்தியில் கடைசியாக உட்கார்ந்திருக்கிறோம் என்று.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை நடீன் டவுனுக்குச் சோப்பு வாங்கப் போனாள். முகாமில் போன் சரியாக எடுக்காது என்பதால், டவுனுக்குப் போகிறவர்கள் எல்லாருடைய செய்தியையும் கொண்டுவருவது வழக்கம். திரும்பி வந்தவள் நேராக மார்லிஸிடம் வந்தாள்.

"கர்ட் கூப்பிட்டான். நாளைக்கு ராத்திரி குடும்பத்தோட வந்து துறைமுகம் பக்கத்துல தங்குறாங்க. சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு மீன் பிடிக்கப் படகு பேசியிருக்கான். வெர்ன் கட்டாயம் வரணுமாம். தாத்தாவோட சேர்ந்துதான் முதல் மீனைப் பிடிப்பேன்னு டெஸ்ஸா அடம் பிடிக்கிறா. வெர்ன் எங்க?"

"விறகு எடுக்கக் காட்டுக்குப் போயிருக்கான்."

"அப்ப நீ சொல்லிடு. எனக்குப் படகுன்னாலே குமட்டும், நான் போகல."

"படகுல எத்தனை பேர்?"

"நாலு பேருக்குத்தான் இடமாம். கர்ட், அவன் பெண்டாட்டி, டெஸ்ஸா, வெர்ன்." நடீன் கொஞ்சம் தயங்கினாள். "பெரிய படகு கிடைக்கலையாம்."

டெஸ்ஸாவுக்குப் பத்து வயது. நடீனையும் வெர்னனையும் பாட்டி, தாத்தா என்பாள். மார்லிஸை 'மார்லிஸ்' என்பாள்.

வெர்னன் மாலையில் வந்தான், சூப் குடித்தான், பூட்ஸைக் கழற்றினான். மார்லிஸ் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை வார இறுதிக் கூட்டம் வந்து இறங்கியது, வேலை இடுப்பை ஒடித்தது, அன்றைக்கும் சொல்லவில்லை. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டதாகப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மூலையில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மறக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளும் நடீனும் வாளியோடு விறகுக் கொட்டகையைக் கடந்தபோது, வெர்னன் அங்கே விறகைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தான். நடீன் நின்றுவிட்டாள்.

"நீ இங்க என்ன பண்ற?"

"பார்த்தா தெரியலையா?"

"வெர்ன், கர்ட் உன்னை ஆறு மணிக்குத் துறைமுகத்துக்கு வரச் சொன்னானே. படகு."

"என்ன படகு?"

நடீன் மெதுவாகத் திரும்பி மார்லிஸைப் பார்த்தாள். மறந்துவிட்டதாகச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். மார்லிஸ் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். நடீன் அவளைப் பார்த்தபடியே இருந்தாள். பார்வையில் கோபம் இல்லை, எங்கேயோ பார்த்த ஆளை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது.

"என் புத்தி இருக்கே," என்றாள் நடீன், வெர்னனிடம். "கர்ட் என்கிட்டதான் சொன்னான். சோப்பு வாங்குற அவசரத்துல உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். மன்னிச்சுக்க வெர்ன்."

வெர்னன் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு, ஏரி இருந்த பக்கமாகப் பார்த்தான். பிறகு மறுபடியும் குனிந்து அதை எடுத்தான்.

இரண்டு பெண்களும் தனியானதும் மார்லிஸ் கேட்டாள், "ஏன் அப்படிச் சொன்ன?"

"உனக்காகச் சொல்லல," என்றாள் நடீன். வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மத்தியானம் கர்ட் வந்தான். நடீன் புளூபெர்ரிப் பழம் நிரப்பிய 'பை' அப்பம் சுட்டு மேசையில் வைத்திருந்தாள். அதை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேலை இருந்தா வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அப்பா," என்றான்.

"அவர் மேல தப்பில்ல. நான்தான் சொல்ல மறந்துட்டேன்," என்றாள் நடீன்.

கர்ட் அம்மா பக்கம் திரும்பினான். நாற்பத்தைந்து வயது மனிதன் சின்னப் பையனைப் போலக் குமுறினான்.

"மறந்துட்ட. எனக்கு எட்டு வயசா இருக்கும்போதும் அப்பா போன் பண்ணுவார், நீ சொல்ல மறந்துடுவ. பிறந்தநாளுக்குப் பண்ணினார், அதையும் மறந்துட்ட. அப்பாவுக்கு என்னை வேணாம்னு நினைச்சுக்கிட்டே நான் வளர்ந்தேன். இன்னும் அந்தப் பழக்கம் விடலையா அம்மா?"

கர்ட் அப்பாவை மட்டும் கட்டிப்பிடித்துவிட்டு, மனைவியையும் மகளையும் வண்டியில் ஏற்றினான். இரண்டு நாள் இருப்பதாக வந்தவன் அன்றைக்கே ஊருக்குப் போனான்.

நடந்ததை எல்லாம் மார்லிஸ் தன் டிரெய்லர் ஜன்னல் வழியே கேட்டாள். உள்ளபடி சொன்னால், முதலில் அவளுக்கு இனித்தது. மகனிடம் நடீன் வாங்கிக் கட்டிக்கொண்டது வெல்லம் மாதிரி இனித்தது. தான் தப்பித்ததுகூட இரண்டாவதாகத்தான் தோன்றியது.

அந்த இனிப்பு சாயங்காலம் வரைக்கும்கூடத் தங்கவில்லை. வெர்னனுக்கு நடீன் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்ததோ வேறு. சூரியன் இன்னும் ஏரிக்கு மேல் உயரத்தில் நிற்கும்போதே அவன் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு நடீனின் வாசலுக்குப் போய் உட்கார்ந்தான். நடீன் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அவன் அவள் தோளைத் தட்டினான். அந்த அப்பத்தில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து அவளைச் சாப்பிடச் சொன்னான். மார்லிஸ் அழுதால் 'காத்துல கொஞ்சம் நடந்துட்டு வா' என்று சொல்கிற மனிதன்.

தான் செய்த காரியம்தான் அவர்களை இப்படி ஒன்றாக உட்கார வைத்திருக்கிறது என்று நினைத்தபோது மார்லிஸுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு நேராகப் போனாள். போகும்போது அவள் மனதில் நியாயம் எதுவும் இல்லை. அந்தக் கை அந்தத் தோளைவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

"அவ மறக்கல," என்றாள். "வியாழக்கிழமையே என்கிட்ட சொல்லிட்டா. நான்தான் உன்கிட்ட சொல்லல. வேணும்னேதான் சொல்லல."

வெர்னன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கை இறங்கியது.

"டெஸ்ஸா எனக்காகத் துறையில நின்னாளாம்," என்றான். "படகுக்காரர் கிளம்பணும்னு சொன்னப்ப, இன்னும் கொஞ்சம் பொறுங்க, தாத்தா வந்துடுவார்னு சொன்னாளாம்."

எழுந்து விறகுக் கொட்டகைக்குப் போனான். கோடரி விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"இதை ஏன் சொன்ன?" என்றாள் நடீன், மூக்கைத் துடைத்தபடி. "நானே சுமந்துட்டுப் போயிருப்பேன். அந்தக் காலத்துல நான் செஞ்சதுதானே. இந்தத் தடவை செய்யல, அவ்வளவுதான் வித்தியாசம்."

"நீ சுமக்கறதைத்தான் என்னால பார்க்க முடியல. எல்லாத்துலயும் நீதான் பெரிய மனுஷியா?"

நடீன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். மார்லிஸ் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் வெர்னன் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. ஒரு காலை, கறுப்பு ஈக்கள் மொய்க்கிற புல்வெளியில் அவன் புல்வெட்டும் மெஷினை நிறுத்திப் பெட்ரோல் ஊற்றும்போது மார்லிஸ் போய் நின்றாள்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"கர்ட்டைக் கூப்பிட்டுச் சொல்லு. என்கிட்ட சொன்ன மாதிரியே." மூடியைத் திருகிவிட்டு அவளைப் பார்த்தான். "எதுக்கு மார்லிஸ் இப்படிச் செஞ்ச? நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"உனக்கு மகன் இருக்கான், பேத்தி இருக்கா. எனக்கு நீ மட்டும்தான். அதுலயும் நல்லதை எல்லாம் அவ எடுத்துக்கிட்டா. சிரிச்ச வெர்னன், ஆடின வெர்னன். எனக்கு வந்தது மிச்சம்."

வெர்னன் பெட்ரோல் டப்பாவைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான்.

"ஆடினேன்னு சொன்னாளா? எதைக் குடிச்சிட்டு ஆடினேன்னு சொன்னாளா?"

மார்லிஸ் விழித்தாள். அவன் குடிப்பதில்லை என்று தெரியும். முன்பு கொஞ்சம் குடித்ததாகச் சொல்லியிருக்கிறான்.

"முன்ன கொஞ்சம் குடிச்சேன்னு உன்கிட்ட சொன்னேனே, கொஞ்சம் இல்ல," என்றான். "ஒரு தடவை கர்ட்டைப் பின் சீட்டுல வெச்சுக்கிட்டு வண்டியைப் பள்ளத்துல இறக்கினேன். அதுக்கப்புறம்தான் அவ போனா. போனை ஏன் பையன்கிட்ட கொடுக்கலைன்னு எனக்குத் தெரியும். நான் பேசின லட்சணம் அப்படி. அதை அவ இன்னும் கர்ட்கிட்ட சொல்லல. அந்த ஆளை நீ பார்த்ததில்ல மார்லிஸ். பார்த்திருந்தா கட்டியிருக்க மாட்ட."

ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்குப் பாதி ஆறுதலாகவும் இருந்தது. மீதிப் பாதியில், அந்த வெர்னனையும் நடீன்தானே பார்த்திருக்கிறாள் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தது.

மார்லிஸ் டவுனுக்குப் போய் கர்ட்டைக் கூப்பிட்டாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அம்மாவை அவ்வளவு பேசிட்டேனே," என்றான் கடைசியில். "இப்ப அதை எப்படித் திருப்பி வாங்குறது?"

"எனக்குத் தெரியல கர்ட். நானும் அதேதான் யோசிச்சிட்டிருக்கேன்."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, மார்லிஸ்," என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வெர்னனும் அந்த வாரம் மகனோடு நீண்ட நேரம் பேசினான். என்ன பேசினான் என்று மார்லிஸ் கேட்கவில்லை.

செப்டம்பர் முதல் வார இறுதியில் கர்ட் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு வந்தான். அதே படகு. கர்ட், டெஸ்ஸா, வெர்னன். நாலாவது இடத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டான். குமட்டும் என்று தெரிந்தும் நடீன் ஏறினாள். மார்லிஸை யாரும் கூப்பிடவில்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை. கோடையின் கடைசிக் கூட்டம் முகாமை நிறைத்திருந்தது. இரண்டு பேர் வேலையை அவள் ஒருத்தியாகச் செய்தாள். ஒவ்வொரு தொட்டியைத் தேய்க்கும்போதும் படகில் இப்போது என்ன பேசுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்றே மனம் போனது. ஆத்திரத்தில் தேய்த்ததில் பீங்கான் பளபளத்தது.

மத்தியானம் திரும்பினார்கள். நடீன் முகம் பச்சையாக இருந்தது. வழி நெடுக வாந்தி எடுத்தாளாம். டெஸ்ஸா பெரிய ஏரி மீன் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மார்லிஸ் முன்னால் நின்றாள்.

"இதை எப்படி அறுக்கறதுன்னு உங்களுக்குத் தெரியுமாம். தாத்தா சொன்னார்."

மார்லிஸ் மீனை வாங்கி மேசையில் வைத்தாள். செவுள் எங்கே, முள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டினாள். டெஸ்ஸா பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் மகனும் ஏரிக்கரையில் தனியாக நடப்பது அங்கிருந்து தெரிந்தது. இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் போனார்கள். வெர்னன் வெண்ணெய் எடுத்துவர உள்ளே போனான். போகிற வழியில் அவள் முதுகில் ஒரு கையை வைத்து எடுத்தான்.

அக்டோபரில் முகாமை மூடினார்கள். முதலில் கிளம்பியது நடீன், டெக்சாஸில் ஒரு முகாமுக்கு. அன்று காலை கிர்ஸ்டி மார்லிஸை அலுவலகத்துக்குள் கூப்பிட்டாள்.

"நடீன் அடுத்த கோடைக்கும் வரட்டுமான்னு கேக்குறாங்க. இங்க நடந்தது அரைகுறையா எனக்கும் தெரியும். நீங்க நாலு வருஷமா வர்றீங்க. உங்களுக்கு ஒத்துவரலைன்னா சொல்லுங்க, வேற ஆள் பார்த்துக்கறேன். ஒரு வார்த்தை போதும்."

மார்லிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். நடீன் தன் டிரெய்லரை வண்டியோடு பூட்டிக்கொண்டிருந்தாள். வெர்னன் குனிந்து அவள் டயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஏதோ சொன்னாள். அவன் நிமிர்ந்து சிரித்தான். அதே சிரிப்பு. மார்லிஸின் வயிற்றில் அந்தப் பழைய நெருப்பு எழுந்தது, கொஞ்சமும் குறையாமல்.

"வரட்டும்," என்றாள்.

"நிஜமாவா?"

"அவ மாதிரி தேய்க்க வேற ஆள் கிடைக்காது. ஆனா என்கூட கழிப்பறைக்குத்தான். விறகுக்கு நீ வேற யாரையாவது பார்த்துக்க."

கிர்ஸ்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். மார்லிஸ் கையுறையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்தாள். வெளியே வந்து, அவர்கள் இரண்டு பேரும் நின்ற இடத்தைப் பார்த்துக் கொஞ்சம் வேகமாகவே நடந்தாள்.